கண்ணாடியா, மலைவெட்டா, வேகக் குறைப்பா? வளைவில் திறக்கும் ஒரு சிம்பாங்குக்கு எதைக் கேட்பது

எங்கள் தாமான் (குடியிருப்பு) சங்கம் பொதுப்பணித் துறைக்கும் மாநகர் மன்றத்துக்கும் ஒரு மனு எழுதப் போகிறது. எங்கள் தாமான் ரோடு மலைச்சாலையில் சேரும் சிம்பாங் (சந்திப்பு) ஆபத்தானது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதைக் கேட்பது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. வளைவுக் கண்ணாடி போடச் சொல்லலாம் என்கிறார் ஒருவர். டிராஃபிக் லைட் வேண்டும் என்கிறார் இன்னொருவர். மலையை வெட்டச் சொல்லுங்கள், வலது திருப்பத்தை மூடச் சொல்லுங்கள், பொங்கோல் (வேகத்தடை மேடு) போடச் சொல்லுங்கள் என்று பட்டியல் நீளுகிறது. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் எது மலிவோ அதுதான் கிடைக்கும். அதனால் ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சாலை வடிவமைப்பு அலுவலகங்களில் பல வருடம் கோடு போட்டவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவும் போவதில்லை.

பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் மலையேறி இறங்கியவர்களுக்கு இடத்தின் அமைப்பு பழக்கமாகவே இருக்கும். ஒரு பக்கம் வெட்டிய மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவே இரண்டு தடம். மேலிருந்து இறங்குபவருக்குச் சாலை இடப்பக்கமாக வளைகிறது. வளைவின் உட்புறத்தில் மலைச்சுவர் நிற்கிறது. சுவர் முடியும் இடத்தில் எங்கள் தாமான் ரோடு வந்து சேர்கிறது. வெளியே வரும் நாங்கள் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் கண்ணில் படுவது செம்மண்ணும் லாலான் புல்லும்தான். இறங்கும் வண்டிகள் வருவதோ எங்களுக்கு மிக அருகில் உள்ள தடத்தில்.

சரிவு சுமார் 9 விழுக்காடு. அதாவது 100 மீட்டர் ஓடினால் 9 மீட்டர் இறக்கம். வளைவின் ஆரம் ஏறத்தாழ 100 மீட்டர். பலகையில் 60 என்று இருக்கிறது, இறங்குபவர்களில் பெரும்பாலோர் அதை ஒட்டித்தான் வருகிறார்கள். இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் கணக்கு.

எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரிய வேண்டும்

ஓட்டுநர் தடையைக் கண்ட கணத்திலிருந்து வண்டி முழுதாக நிற்கும் வரை அது ஓடும் தூரத்தை நிறுத்தப் பார்வைத் தூரம் என்கிறோம். அதில் இரண்டு பகுதி. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போகும் வரை வண்டி வேகம் குறையாமல் ஓடுவது முதல் பகுதி. பிரேக் பிடித்த பின் ஓடுவது இரண்டாவது. அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கமான ஆஷ்டோ முதல் பகுதிக்கு 2.5 விநாடி கொடுக்கிறது. இரண்டாவதற்கு, ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 3.4 மீட்டர் குறைவதாக எடுத்துக்கொள்கிறது. நனைந்த சாலையிலும் சாதாரண ஓட்டுநர் தடுமாறாமல் பிடிக்கக்கூடிய பிரேக் அது. நம் பொதுப்பணித் துறைக்கும் ஆராஹான் டெக்னிக் ஜாலான் 8/86 என்று சொந்த வழிகாட்டி உண்டு, 2015இல் திருத்தியிருக்கிறார்கள். கீழே நான் போட்டிருப்பது ஆஷ்டோ சூத்திரத்தின் கணக்கு.

சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 83 மீட்டர் வேண்டும். அதை முழுமையாக்கி 85 என்று அட்டவணையில் போடுவார்கள். எங்கள் இறக்கத்தில் அதே வேகத்துக்கு 97 மீட்டர். புவியீர்ப்பு பிரேக்குக்கு எதிராக இழுப்பதால் கூடுதலாக 14 மீட்டர். 50 கிலோமீட்டருக்கு 73 மீட்டர் போதும், 40க்கு 52, 30க்கு 35.

இப்போது எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, இரண்டு கம்பு போதும். ஒன்றில் 1.08 மீட்டர் உயரத்தில் குறி போடுங்கள், அது கார் ஓட்டுபவரின் கண். இன்னொன்றில் 60 சென்டிமீட்டரில் குறி, அது நிற்கும் காரின் பின்விளக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ஆரஞ்சு கூம்பு வைத்து, எதிரே ஒருவர் கொடி காட்ட, ஒருவர் தடத்தின் நடுவில் நிற்க வேண்டும். மற்றவர் மேலே நடந்து போக வேண்டும். குறி சுவருக்குப் பின்னால் மறையும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு டேப்பால் அளந்துகொள்ளலாம். எங்களுக்குக் கிடைத்தது 55 மீட்டர்.

தேவை 97, கையிலிருப்பது 55. மனுவின் முதல் பத்தியாக இந்த ஒரு வரியே போதும். "மிகவும் ஆபத்தான சந்திப்பு" என்று எழுதினால் படிக்கும் அதிகாரிக்கு அது அன்றைக்கு வந்த பத்தாவது ஆபத்தான சந்திப்பாகத்தான் இருக்கும்.

தாமானிலேயே இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. "இருபது வருஷமா இறங்குறேன் தம்பி, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அவர் சொல்வதும் பொய்யில்லை. விழிப்பாக இருக்கும் ஓட்டுநர் ஒன்றரை விநாடியில் காலை வைத்துவிடுவார். காய்ந்த தார்ச்சாலையில் ஓங்கி மிதித்தால் 60 வேகத்திலிருந்துகூட ஏறக்குறைய 48 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 55க்குள் அடங்குகிறது. அதே ஓட்டுநரை மழையில், டயர் தேய்ந்த வண்டியில் வைத்துப் பாருங்கள். பிரேக்கின் பிடி காய்ந்த சாலையில் இருப்பதில் பாதிதான் என்று வைத்தால் 79 மீட்டர் ஆகிறது. செப்டம்பர், அக்டோபரில் இந்தத் தீவில் மழை எப்படிக் கொட்டும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இத்தனை நாளாக அவரைக் காப்பாற்றி வந்தது அவருடைய விழிப்பும் காய்ந்த சாலையும். சாலையின் அமைப்பு அதில் பங்கே எடுக்கவில்லை.

கண்ணாடி

மலிவு, சீக்கிரம் கிடைக்கும், திறந்து வைக்கும்போது படமும் எடுத்துக்கொள்ளலாம். குவிந்த கண்ணாடி பிம்பத்தைச் சிறிதாக்கிக் காட்டும். சிறிதாகத் தெரிவது தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். இன்னும் நேரம் இருக்கிறது என்று பிரேக்கிலிருந்து காலை எடுப்போம், வண்டி வாசலில் நிற்கும். கார் என்றாலாவது ஒரு வடிவம் தெரியும். மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதை நினைத்தால் அந்தப் புள்ளியின் கனம் புரியும்.

பராமரிப்பு வேறு இருக்கிறது. மலையடிவாரத்தில் காலை ஈரம் கண்ணாடி மேல் படிந்து ஏழரை மணி வரை போகாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடக் கார் வரிசையாக வெளியேறும் நேரமும் அதுதான். பிறகு பாசி ஏறும், லாரி ஒன்று உரசிவிட்டுப் போகும், கண்ணாடி வானத்தைப் பார்த்தபடி நிற்கும். பார்க்கிங் கட்டடத்துக்குள் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வண்டிகளுக்குக் கண்ணாடி அருமையான துணை. 60 வேகத்தில் இறங்கும் சாலைக்கு அது துணையில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. கண்ணாடி வெளியே வருபவருக்கு மட்டும் உதவுகிறது. மேலிருந்து இறங்குபவருக்குச் சாலை முன்பு தெரிந்த அளவுதான் தெரியும். தாமானுக்குள் திரும்ப வேகம் குறைத்த கார் ஒன்றின் முதுகை அவர் 55 மீட்டரில்தான் காண்பார். 42 மீட்டர் யோசனையிலேயே போய்விடும், மிஞ்சுவது 13. கண்ணாடி இதில் ஒரு மீட்டரைக்கூட மாற்றாது. என்னைக் கேட்டால் மனுவில் அந்தச் சொல்லே வரக் கூடாது. வந்தால் அதைக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

டிராஃபிக் லைட்

இது பலருக்கும் பிடித்த யோசனை. சங்கத்தில் லாரி ஓட்டும் ஒரு தம்பி இருக்கிறார். அவர்தான் முதலில் தலையை ஆட்டினார். "அண்ணே, செவப்பு விழுந்தா வண்டியெல்லாம் எங்க நிக்கும்? வளைவுக்குள்ளதானே?" என்றார். அவ்வளவுதான் விஷயம். நிற்கும் கார் ஒன்றுக்கு இடைவெளியோடு ஆறேழு மீட்டர் வைத்தால் ஐந்து கார் நின்றதும் வரிசையின் வால் வளைவுக்குள் புகுந்துவிடும். மேலே இன்னும் உள்ளே போய், விளக்கு கண்ணில் படாத இடத்தில், ஒரு வண்டியின் பின்பக்கத்தை 55 மீட்டரில் காணும் நிலைக்கு இறங்குபவரைத் தள்ளுகிறோம். தற்செயலாக எப்போதாவது நேர்வதை ஒவ்வொரு சிவப்புக்கும் நேர வைக்கிறோம். வளைவுக்கு முன்னால் மஞ்சள் விளக்கு மினுக்கி எச்சரிக்கலாம்தான். ஆனால் எச்சரிக்கைப் பலகையை நம்பிக் கட்டும் விளக்கைவிட, அந்த எச்சரிக்கையை மட்டும் கட்டுவது நல்லது. விளக்கை ஒதுக்கிவிட்டேன்.

மலையை வெட்டுவது

இதற்குக் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும், ஏனென்றால் தத்துவப்படி சரியான தீர்வு இதுதான். தெரியவில்லையா, தெரிய வை. எவ்வளவு வெட்டினால் எவ்வளவு தெரியும் என்பதில்தான் சங்கடம்.

வளைவில் பார்வைக் கோடு நாண் போலக் குறுக்கே ஓடும், சாலை வில் போல வளையும். இரண்டுக்கும் நடுவே எந்தத் தடையும் இருக்கக் கூடாது. உள்தடத்தின் நடுவிலிருந்து மலைச்சுவர் வரைக்கும் உள்ள இடைவெளிதான் பார்வையைத் தீர்மானிக்கிறது. 100 மீட்டர் ஆரத்தில் 55 மீட்டர் தெரிய 3.8 மீட்டர் இடைவெளி போதும். தடத்தில் பாதி, ஓரம், வடிகால் என்று எங்களிடம் இருப்பதும் அவ்வளவுதான். 50 வேகத்துக்கு வேண்டிய 73 மீட்டர் தெரிய 6.6 மீட்டர் இடைவெளி வேண்டும். 60 வேகத்துக்கு வேண்டிய 97 மீட்டருக்கு 11.5 மீட்டர். பார்வைத் தூரம் இரு மடங்குகூட ஆகவில்லை, இடைவெளி மூன்று மடங்காகிவிட்டது. தூரத்தின் வர்க்கத்தோடு இடைவெளி ஏறுவதால் கடைசிப் பத்து மீட்டர் பார்வைக்குத்தான் அதிக மண் அள்ள வேண்டியிருக்கும்.

60ஐ அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால் மலைச்சுவரை ஏறக்குறைய எட்டு மீட்டர் உள்ளே தள்ள வேண்டும். சாய்வான மலையில் அடியை எட்டு மீட்டர் தள்ளினால் சுவர் உயர்ந்துகொண்டே போகும். பிறகு அதற்குத் தாங்குசுவர், மண் ஆணி, படிவடிகால் எல்லாம் வேண்டும்.

பினாங்கில் மலை வெட்டுவதைப் பற்றி யாரும் லேசாகப் பேச முடியாது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, 2018 அக்டோபர் 19ஆம் தேதி, புக்கிட் குக்குஸில் சாலைக் கட்டுமானத் தளத்திலேயே மண் சரிந்து 9 பேர் போனார்கள். அது பாயா தெருபோங் பக்கத்து நெரிசலைக் குறைக்கப் போட்ட சாலை. கடல்மட்டத்துக்கு 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலமும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் இந்த மாநிலத்தில் மலை நிலமாகக் கருதப்பட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வரும். பார்வைக்காக மலையை அறுத்து, அந்த மலை சாலை மேல் வந்து விழுந்தால் பார்வைத் தூரம் யாருக்கு?

நடுவழி ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் இதைப் பார்வை மேடை என்போம். 1.08 மீட்டரில் உள்ள கண்ணும் 60 சென்டிமீட்டரில் உள்ள பின்விளக்கும் சேரும் கோடு நடுவில் சாலைமட்டத்துக்கு 84 சென்டிமீட்டர் மேலே செல்கிறது. அதற்குக் கீழே உள்ள மண்ணை, வடிகாலை, அடிச்சுவரை எதுவும் தொடத் தேவையில்லை. அதற்கு மேலே மட்டும் ஒரு படி போல வெட்டினால் போதும். 50 வேகத்துக்கு அந்தப் படியின் அகலம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மண்பரிசோதனை செய்து, ஒழுங்காக வடிகால் கட்டி முடிக்கக்கூடிய வேலைதான் இது.

அந்த மேடையில் முதலில் முளைக்கப்போவது லாலான். நல்ல மழைக்குப் பிறகு ஒரு மாதத்தில் இடுப்பளவு வளர்ந்துவிடும். பொறியாளர் வரைபடத்தில் 73 மீட்டர் என்று இருக்கும், சாலையில் 50 கூட இருக்காது. இப்போதுள்ள 55 மீட்டரே புல் வெட்டிய வாரத்து அளவு. புல் வெட்டும் ஒப்பந்தத்தில் இந்த வளைவைத் தனியாக எழுதச் சொல்வது பத்துக் கண்ணாடிக்குச் சமம்.

வலது திருப்பத்தை மூடுவது

வெளியேறும் வண்டிகள் இடப்பக்கம் மட்டும் திரும்பட்டும், மேலே போக வேண்டியவர்கள் கீழே இறங்கி யூ-டர்ன் அடித்து வரட்டும் என்பது யோசனை. இதைச் சொன்னவுடன் கூட்டத்தில் பாதிப்பேர் முகம் சுருங்கிவிட்டது. மேலே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நாளைக்கு இரண்டு முறை அலைச்சல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மறைந்திருக்கும் தடம் நமக்கு மிக அருகில் உள்ள தடம். இடப்பக்கம் திரும்பினாலும் அந்தத் தடத்துக்குள்தான் புகுகிறோம், வலப்பக்கம் போனாலும் அதைத்தான் கடக்கிறோம். தடை போட்டால் ஆபத்து போய்விடும் என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆஷ்டோ கணக்கில் பக்கச் சாலையில் நின்றிருக்கும் கார் எதிர்த்தடத்துக்குத் திரும்ப 7.5 விநாடி இடைவெளி வேண்டும், அருகில் உள்ள தடத்தில் சேர 6.5 விநாடி. 60 வேகத்தில் அது முறையே 125 மீட்டர், 108 மீட்டர். எங்களிடம் இருப்பது 55. இரண்டுமே தேறவில்லை.

ஆனாலும் மோதினால் எப்படி மோதும் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. வலப்பக்கம் திரும்பும் கார் தன் கதவைக் காட்டிக்கொண்டு குறுக்கே நிற்கும். இறங்குபவர் முழுதாக நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலேயே இடிப்பார். இடப்பக்கம் சேரும் கார் அதே திசையில் ஓடத் தொடங்கியிருக்கும். இறங்குபவர் வேகம் குறைத்தாலே சமாளிக்கலாம், தவறினாலும் பின்பக்கம் இடிப்பார். அந்த வித்தியாசத்துக்காகவே அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. யூ-டர்ன் அடிக்கும் இடம் இன்னொரு மறைவான வளைவாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எங்களுக்குக் கீழே நேர்ச்சாலையில் விளக்குச் சந்திப்பு இருப்பதால் அது பிரச்சினையில்லை. வேறு தாமான்காரர்கள் இதைப் பார்த்து அப்படியே கேட்பதற்கு முன் தங்கள் யூ-டர்னையும் கம்பு வைத்து அளந்துகொள்ளட்டும்.

கீழிருந்து ஏறி வந்து தாமானுக்குள் வலப்பக்கம் திரும்புவதை மூட வேண்டியதில்லை. அப்படிக் காத்திருப்பவர் வளைவின் வெளிப்புறத்தில் நிற்கிறார், அவருக்கு மேலே கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

சின்ன வேலை ஒன்றும் இதோடு சேரும். நிறுத்தக் கோட்டைச் சாலையோரத்துக்கு முடிந்தவரை நெருக்கிப் போட வேண்டும். காரின் மூக்குக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கும் இடையே 2.4 மீட்டர் இருக்கிறது. இப்போதுள்ள கோட்டில் ஒழுங்காக நிற்பவருக்கு 35 மீட்டர்தான் தெரிகிறது. அதனால் யாரும் அங்கே நிற்பதில்லை. பானெட்டைத் தடத்துக்குள் நீட்டி, கழுத்தை வளைத்து, ஸ்டியரிங் மேல் நெஞ்சு படச் சாய்ந்து பார்ப்பார்கள். மூக்கு தடத்தின் விளிம்பைத் தொடுமளவு கோட்டை முன்னால் கொண்டுவந்தால்தான் 55 மீட்டர் முழுதாகக் கிடைக்கும். ஒரு தொட்டி பெயின்ட் செலவு.

வேகத்தைக் குறைப்பது

எண்களைத் திரும்பப் பாருங்கள். 40 வேகத்துக்கு 52 மீட்டர் வேண்டும், எங்களிடம் 55 இருக்கிறது. இறங்குபவர்கள் 40இல் வந்தால் இந்தச் சாலை ஒரு பிடி மண்கூட அள்ளாமல் பாதுகாப்பான சாலையாகிறது. பார்வையை 42 மீட்டர் கூட்டுவதும் வேகத்தை 20 கிலோமீட்டர் குறைப்பதும் கணக்குப் புத்தகத்தில் ஒரே வரவு. ஒன்றுக்கு மலை வேண்டும், இன்னொன்றுக்கு மனிதர்களின் வலது கால் வேண்டும். அந்தக் கால் எளிதில் வழிக்கு வராது என்பதால்தான் பொறியாளர்கள் மலையைப் பார்க்கிறார்கள்.

60 பலகையைக் கழற்றி 40 பலகை மாட்டினால் வேகம் 40 ஆகிவிடாது. சாலை எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் ஓட்டுவார்கள். அதனால் சாலையின் தோற்றத்தை மாற்ற வேண்டும். வளைவுக்கு முன்பாக நெருங்கிக்கொண்டே வரும் குறுக்குப் பட்டைகள், வளைவின் வெளியோரத்தில் கறுப்பு மஞ்சள் அம்புப் பலகைகள், தடத்தைக் கொஞ்சம் குறுக்கிக் காட்டும் ஓரக்கோடு, தன் வேகத்தைத் தனக்கே காட்டும் மின்பலகை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கும், எதுவும் தனியாக 20ஐக் குறைக்காது. பட்டைகள் வளைவு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் போட்டால், சாய்ந்து திரும்பும் மோட்டார் சைக்கிளின் சக்கரத்தடியில் மழைநாளில் வழுக்கும் பெயின்ட்டாகிவிடும்.

பொங்கோல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். தாமானுக்குள் போடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். 9 விழுக்காடு இறக்கத்தில், லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இறங்கும் முதன்மைச் சாலையில் அது வேண்டாம். சுமை ஏற்றிய லாரி கியரில் பிடித்துக்கொண்டு சீராக இறங்க வேண்டிய இடம் அது. நடுவில் பிரேக்கை அமுக்கி விட வைப்பது நல்லதல்ல.

சிவப்பு உராய்வுப் பூச்சு பற்றி ஒருவர் கேட்டார். மலைவளைவுகளில் பார்த்திருப்பீர்கள், சாலையே செங்கல் நிறத்தில் இருக்கும். அதனால் 97 என்ற எண் குறையாது. அந்த 3.4 என்பது தாருக்கு வைத்த வரம்பில்லை, ஓட்டுநர் பதறாமல் பிடிக்கும் பிரேக்குக்கு வைத்த அளவு. ஆனால் நிஜ ஆபத்தில் பதறி மிதிக்கும்போது சக்கரம் பிடித்து நிற்க உதவுவது இந்தப் பூச்சுதான். பக்கத்து வீட்டு அண்ணனின் மழைநாள் 79 மீட்டரைக் குறைக்கக்கூடியதும் இதுவே. நிறம் மாறுவதைப் பார்த்து ஓட்டுநர் காலை எடுத்தால் அது கொசுறு.

40இலும் ஒரு குறை மிஞ்சுகிறது. 55 மீட்டர் என்பது அந்த வேகத்தில் 5 விநாடி. வெளியேறும் காருக்கு 6.5 வேண்டும் என்று சொன்னோம். நாம் வெளியே வந்தால் இறங்குபவர் கொஞ்சம் பிரேக் தொட வேண்டியிருக்கும், ஹார்ன் அடிப்பார். ஆனால் அவரால் நிற்க முடியும். வடிவமைப்பில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் கோடு அதுதான். எரிச்சல் வரலாம், மோதல் வரக் கூடாது.

இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தச் சிம்பாங் இரவில்தான் பயங்கரம் என்று பலர் நினைக்கிறார்கள். வெளியேறுபவருக்கு இரவு உண்மையில் கொஞ்சம் சாதகம். இறங்கும் வண்டியின் வெளிச்சம் எதிர்ப்பக்கத் தடுப்புக் கம்பியில் முதலில் விழும், வண்டி பிறகுதான் வரும். இறங்குபவருக்குத்தான் பாதகம். வளைவில் அவருடைய விளக்கு நேரே பள்ளத்தைப் பார்த்து எரியும், சாலையைப் பார்க்காது. டுரியான் பருவத்தில் ஓரக்கடை முன்னால் விளக்கணைத்து நிறுத்திய கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நிற்கும் கார் என்று ஆஷ்டோ சொல்வது ஜூன், ஜூலையில் பாலிக் புலாவ் சாலையில் கற்பனைப் பொருள் இல்லை. வளைவு முடிந்து நூறு மீட்டர் வரை கடையும் வேண்டாம், பார்க்கிங்கும் வேண்டாம் என்று இரட்டை மஞ்சள் கோடு கேட்பதற்கு எங்கள் தாமானிலேயே எதிர்ப்பு வரும். கடை போடுபவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. அவர்களுக்கு நேர்ச்சாலையில் இடம் கேட்டு மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

மனுவில் என்ன எழுதுவது

என் வரிசை இது. இந்த ஆண்டே கேட்க வேண்டியவை: நிறுத்தக் கோட்டை முன்னால் நகர்த்துவது, வளைவின் உட்புறப் புல்லை மாதந்தோறும் வெட்ட ஒப்பந்தத்தில் எழுதுவது, வளைவுக்கு முன் 40 பலகையோடு பட்டைகளும் அம்புப் பலகைகளும், வளைவில் உராய்வுப் பூச்சு, வெளியேறும் வலது திருப்பத்துக்குத் தடை. பெரும்பாலும் பெயின்ட்டும் பலகையும்தான். சாலை பொதுப்பணித் துறையுடையது, தாமான் ரோடு மாநகர் மன்றத்துடையது என்பதால் எது யாருக்கு என்று பிரித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே பந்தாகிவிடும்.

இரண்டாம் கட்டமாக, மூன்று மீட்டர் பார்வை மேடைக்கு மண்பரிசோதனை கேட்கலாம். அது கிடைத்தால் 73 மீட்டர் தெரியும், 40 பலகையை மீறி 50இல் வருபவரும் நின்றுவிட முடியும். 60க்காக எட்டு மீட்டர் வெட்டுவதை நான் கேட்க மாட்டேன். கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். மலையும் பயம், அதைவிட, 97 மீட்டர் திறந்துகிடக்கும் வளைவில் யாரும் 60இல் வர மாட்டார்கள், 75இல் வருவார்கள். அந்த வேகத்துக்கு வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும்.

வலது திருப்பத் தடை கூட்டத்தில் தேறுமா என்பது சந்தேகம்தான். டீச்சரம்மா ஒருவர் சமரசமாக, காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மட்டும் தடை போடச் சொல்லலாமே என்றார். மழை நேரம் பார்த்து வருவதில்லை என்றாலும், வண்டி அதிகம் வெளியேறும் நேரத்தை அது பிடித்துவிடும். ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்று நானும் ஒத்துக்கொண்டேன். பலகைகள் வந்து சில வாரம் ஆனதும் ஓடும் வண்டிகளின் வேகத்தை அளந்து, நூற்றில் 85 வண்டி எந்த வேகத்துக்குள் வருகிறது என்ற எண்ணை இரண்டாவது மனுவில் எழுத வேண்டும். அது 45ஐத் தாண்டினால் மேடையைக் கேட்பதில் இனி தயங்க வேண்டியதில்லை. அளவெடுக்க ஸ்டாப்வாட்ச்சும் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடும் போதும், லாரித் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.